துக்கத்தின் கைவேலை

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் ஜார்ஜ் டவுனின் தெருமுனைகளில் பந்தல் முளைக்கும். மலேசியாவின் பினாங்குத் தீவில் வாழும் ஹொக்கியன் சீனர்கள் ‘போர் தோர்’ என்று சொல்லும் பருவம் அது. பசியோடு அலையும் ஆவிகளுக்குப் படையல் போடுகிற மாதம். பந்தலுக்குள் மூங்கில் சட்டத்தின்மேல் வண்ணக் காகிதம் ஒட்டிச் செய்த பேருருவம் ஒன்று இருக்கும். தாய் சூ இயா என்று பெயர். பிதுங்கிய கண், உக்கிர முகம்; அந்த முகத்துக்கு மேலே சின்னதாக ஒரு குவான் யின் சிலை. கருணைத் தெய்வமே ஆவிகளைக் கட்டுக்குள் வைக்க இப்படி ஒரு கோலத்தில் வருகிறது என்பது நம்பிக்கை. அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் செய்யப்படும் உருவம் இரண்டு மாடி உயரத்துக்கு எழும். காகிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டி, செதில் செதிலாகக் கவசம் அமைத்து வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். கடைசி இரவு அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து கொளுத்திவிடுகிறார்கள். சில நிமிடங்களில் எல்லாம் சாம்பல்.

சொந்த முன்னோருக்கு வீட்டிலேயே படைத்துவிடலாம். தெருப் பந்தல் வேறு கணக்கு. அது யாருமற்றவர்களுக்கு. 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றிய நாளிலிருந்து, கப்பலேறி வந்து, காடு வெட்டி, காய்ச்சலில் செத்து, பிண்டம் வைக்க ஆளில்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர். சீனரும் உண்டு, தமிழரும் உண்டு. அவர்களுக்காகத்தான் நாடகம் போடுகிறார்கள். பல இடங்களில் முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுகிறார்கள். ஒரு துறைமுகத்தின் மொத்தத் துக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை செய்து, அழித்து, மறுபடி செய்கிற ஏற்பாடு.

கலையைப் பாதுகாக்க வேண்டிய பொருளாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வீண்செலவாகத் தோன்றும். துக்கத்தை ஆராய்கிறவர்களின் கண்ணுக்கு அப்படித் தோன்றாது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களில் மெதுவாகத் தெரியவந்தவற்றில் ஒன்று, கலை காயத்தை ஆற்றுகிற இடங்களில் ஆற்றுவது பெரும்பாலும் செய்து முடித்த பொருள் அல்ல, செய்கிற வேலை என்பது.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மேரி-பிரான்சிஸ் ஓ’கானர் என்ற உளவியலாளர் துக்கத்திலிருப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். நமக்கு நெருக்கமானவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள், நமக்கு எவ்வளவு வேண்டியவர்கள் என்று மூளை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது என்கிறார் அவர். ஆள் போனபிறகும் அந்த வரைபடம் உடனே அழிவதில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிக்கொண்டே இருக்கிற மாதிரி, மூளை அவரை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் யாருமில்லை. அப்படி ஒவ்வொரு முறையும் ஏமாந்து ஏமாந்துதான் மூளை புதிய உலகத்தைக் கற்றுக்கொள்கிறது. துக்கம் என்பது அந்த வகையில் ஒரு படிப்பு. படிப்புக்கு நாள் பிடிக்கும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஊரே இழந்தால் அந்தப் பக்கத்து ஆள் கிடைக்கமாட்டார். 1972 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவை அடைத்துவைத்த அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களோடு பேசிய சமூகவியலாளர் கை எரிக்சன் அங்கே இரண்டு வகைக் காயங்களைப் பார்த்தார். ஒன்று ஒவ்வொருவர் மனத்திலும் விழுந்தது. மற்றது மனிதர்களை மனிதர்களோடு கட்டிவைத்திருந்த நூல்களில் விழுந்தது. ‘நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய், ஆனால் நாம் இல்லை’ என்கிற நிலை அது. யாழ்ப்பாணத்தின் உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஈழப் போரின் நடுவே வேலை செய்தபடி இதையே கூட்டுக் காயம் என்று விரிவாக எழுதினார். ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுத்து நூலை முடிய முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

செய்கிற வேலை அந்த நூலை எப்படி முடிகிறது? முதலில் கையைப் பார்ப்போம். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற ஆய்வாளரின் குழு, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் களிமண், பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் என்று எதையாவது வைத்து விருப்பப்படி ஏதாவது செய்யச் சொன்னது. முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மனஅழுத்தச் சுரப்பின் அளவைப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அளவு இறங்கியிருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு முடிவைப் பாதிக்கவில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் வைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்குமோ என்று கேட்கலாம். ஆனால் ‘எனக்கு வரைய வராது’ என்று ஒதுங்குகிறவர்களுக்கு அந்தச் சாக்கு இனி இல்லை.

இன்னொரு ஆய்வு விசித்திரமானது. 2009-இல் பிரிட்டனில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளர் தன்னார்வலர்களுக்குக் கோரமான விபத்துக் காட்சிகளைக் காட்டினார். அரைமணி நேரம் கழித்து ஒரு பாதியினரை டெட்ரிஸ் விளையாட வைத்தார். திரையில் விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பொருத்துகிற அந்தப் பழைய விளையாட்டு. விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் திடீர் திடீரென்று கண்முன் வருவது குறைந்திருந்தது. நடந்தது என்ன என்ற நினைவு மட்டும் அப்படியே இருந்தது. காரணம் இப்படிச் சொல்லப்படுகிறது: கண்ணால் பார்த்த காட்சி நினைவில் இறுகுகிற அதே நேரத்தில், கண்ணையும் கையையும் சேர்த்து இழுக்கும் இன்னொரு வேலை வந்துவிட்டால், மூளையின் காட்சித் தளத்தில் இரண்டுக்கும் இடம் போதாது. மூங்கில் சட்டத்தில் காகிதச் செதிலை வரிசை தப்பாமல் ஒட்டுவதும், பாய் முடைவதும், கோலத்துக்குப் புள்ளி கணக்கிடுவதும் இதே கண்-கை வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஆய்வுக்கூடமும் கோலத்தை இப்படி அளந்ததாக இதற்குப் பொருளில்லை.

கை மட்டும் போதாது, குரலும் வேண்டும். அதற்குச் சூலியா தெருப் பக்கம் வர வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெரு. 1801-இல் அவர்களின் தலைவர் காதர் மைதீன் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகிலேயே நிற்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சின்ன தர்காவும் அந்தத் தெருவில் உண்டு. இந்தச் சுற்றுவட்டத்தில் வேர்விட்ட கலை, போரியா.

இன்று போரியாவைப் பார்க்கிறவர்கள் அது துக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பளபளக்கும் சட்டையில் மாலுமி வேடமிட்ட ஒரு கூட்டம், வயலின், தபலா, அக்கார்டியன், ஆட்டம், நடுவே சிரிக்கச் சிரிக்க ஒரு குறுநாடகம். ‘துக்காங் காராங்’ எனப்படும் பாட்டுக்கட்டும் தலைவர் நான்கு நான்கு அடிகளாக மலாயில் பாடுவார். கூட்டம் முதல் அடிகளைத் திரும்பப் பாடும். ஆனால் இதன் வேர் கி.பி. 680-இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட துயரத்தில் இருக்கிறது. எச்.டி. ஹாட்டன் என்பவர் 1897-இல் ஆசியக் கழகத்தின் இதழில் எழுதிய குறிப்பும், பினாங்கில் வழங்கும் கதையும் ஒத்துப்போகிற இடம் இது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னைப் படைப்பிரிவின் சிப்பாய்கள் தீவில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். மொகரத்தின் முதல் பத்து நாள் அவர்களுக்கு விடுப்பு. வேடம் கட்டி, வீடு வீடாகப் போய் ஹுசைனின் துயரத்தைப் பாடினார்கள். தஞ்சைப் பக்கத்தில் ‘அல்லாசாமி பண்டிகை’ என்று இந்துக்களும் சேர்ந்து கொண்டாடியதன் கடல்கடந்த உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பினாங்கின் முஸ்லிம்கள் சுன்னி மரபினர். மார்பில் அடித்து அழும் ஷியா மரபு அவர்களுடையதல்ல. ஆகவே அந்த வடிவம் தங்கிவிட்டது, அதில் நிரப்பியிருந்த அழுகை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது. ஒவ்வொரு கம்பத்துக்கும், அதாவது மலாய்க் குடியிருப்புக்கும், ஒரு போரியாக் குழு வந்தது. பத்து இரவுகளும் வேடிக்கை, நையாண்டி, ஊர்வம்பு. மொகரத்தில் இந்தக் கூத்து தகுமா என்று மார்க்க அறிஞர்கள் கண்டித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் இதை வெறும் சீரழிவாகப் பார்க்கமாட்டேன்.

காரணம், சிரிப்பைப் பற்றிய ஓர் ஆய்வு. 1997-இல் டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும், துணையை இழந்து ஆறு மாதம் ஆனவர்களைப் பேசவிட்டுப் படமெடுத்தார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போதே சிலர் சிரித்தார்கள். உதட்டுச் சிரிப்பல்ல, கண்ணோரம் சுருங்கும் உண்மையான சிரிப்பு. அப்படிச் சிரித்தவர்களிடம் மனவேதனை குறைவாக இருந்தது. சுற்றியிருப்பவர்களோடு அவர்களுக்கு உறவும் நன்றாக இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் துக்கத்துக்கு ஒரு புது வரைவு தந்தார்கள். அதுவரை, துக்கத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டு அழுது தீர்த்தால்தான் வெளியே வரமுடியும் என்பது பலருடைய எண்ணம். இவர்களோ, நலமாக மீள்கிறவர்கள் இழப்பை நோக்கியும் வாழ்க்கையை நோக்கியும் ஊசலாடுகிறார்கள் என்றார்கள். கொஞ்சம் அழுகை, கொஞ்சம் ரேஷன் கார்டு வேலை. மறுபடி அழுகை. இந்த ஊசல் நின்றுபோகிற இடத்தில்தான், எந்தப் பக்கம் நின்றாலும், தொல்லை. தெருக்கூத்தில் மகன் செத்துக்கிடக்கும் காட்சியில் கட்டியங்காரன் நுழைந்து பகடி பேசுவதை அசந்தர்ப்பம் என்று முகம்சுளித்த படித்தவர்கள் உண்டு. ஊசல் எங்கே இருக்க வேண்டும் என்று அந்தக் கூத்தாடிக்குத் தெரிந்திருந்தது.

போரியாவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அதன் உடல் தலைவர் அல்ல, கோரஸ். திரும்பப் பாடுகிறவர்களுக்குக் குரல் வளம் தேவையில்லை, சேர்ந்து அசையத் தெரிந்தால் போதும். ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பார் குழு 2012-இல் இதை நேரடியாகச் சோதித்தது. வலியை எவ்வளவு தாங்க முடிகிறது என்பதை, உடலில் எண்டார்பின் சுரப்பதற்கான மறைமுக அளவாக எடுத்துக்கொண்டார்கள். பாடியவர்கள், ஆடியவர்கள், மேளம் தட்டியவர்கள் எல்லோருக்கும் தாங்கும் அளவு கூடியது. இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூடவில்லை. அதற்கு முன் 2010-இல் அதே குழு துடுப்பு வலிக்கும் மாணவர்களைச் சோதித்தபோது, தனியாக வலித்தபோதைவிடச் சேர்ந்து ஒரே தாளத்தில் வலித்தபோது பலன் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது.

இதைக் கேட்டதும் கூட்டுக் கலையெல்லாம் அருமருந்து என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மொகரக் கொண்டாட்டத்துக்காகக் கூடிய குழுக்களிலிருந்துதான் பினாங்கின் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடிச் சங்கங்கள் வளர்ந்தன. 1867 ஆகஸ்டில் அவை சீன இரகசியச் சங்கங்களோடு ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து பத்து நாள் நகரைக் கலவரமாக்கின. இன்று சுற்றுலாப் பயணிகள் அமைதியாக நடக்கும் கேனன் சதுக்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் கலவரத்தில் சுட்ட பீரங்கியால் என்பார்கள். ஒரே தாளம் ‘நம்’மைக் கட்டும், ‘அவர்’களை வெளியே நிறுத்தவும் செய்யும்.

2004 டிசம்பர் 26. நாகூரையும் பினாங்கையும் ஒரே அலை அடித்த நாள். அன்று காலை இந்திய நேரம் ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது, அளவு 9.1. ஆயிரத்துக்கும் அதிகமான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாகப்பட்டினக் கரைக்கு அலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மிகப் பக்கத்தில் இருக்கும் பினாங்குக்கோ நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள திறந்த கடலில் அது விமானம்போல மணிக்கு 700 கிலோமீட்டர் பாயும். சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி, அறுபது எழுபது மீட்டரே ஆழமுள்ள மலாக்கா நீரிணைக்குள் நுழைந்ததும் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவுக்குத் தளர்ந்துவிடும். அந்தத் தாமதத்தை யாரும் எச்சரிக்கையாக மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பாசிர் பஞ்சாங், பத்து ஃபெரிங்கிக் கடற்கரைகளில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல்.

அலை வடிந்ததும் இன்னோர் அலை வந்தது. மனநல ஆலோசகர்களின் அலை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் முகாம் முகாமாகக் கிரேயான் பெட்டிகள் இறங்கின. கறுப்பு அலை, கவிழ்ந்த படகு, மிதக்கும் உடல் என்று குழந்தைகள் வரைந்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் நல்ல எண்ணம் போதாது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். விபத்து முடிந்த கையோடு ஆளை உட்காரவைத்து ‘என்ன நடந்தது, எப்படி உணர்ந்தாய்’ என்று ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை 1980-களில் பரவியது. ஆக்ஸ்போர்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்துவிட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அதிர்ச்சி அதிகமாக இருந்தவர்களில் இந்த அமர்வுக்குப் போனவர்கள், போகாதவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சலிக்கும் காக்ரேன் குழு 2002-இல் இந்த முறையைக் கட்டாயமாக்குவதை நிறுத்தச் சொன்னது. ஆறத் தொடங்கிய இடத்தைத் திறந்துவிட்டு ஊருக்குப் போய்விடுவதில்தான் தவறு. குழந்தையிடம் ‘அலையை வரை’ என்பதும் கிரேயானில் எழுதிய அதே கேள்விதான்.

இலங்கையில் ஆய்வு செய்த காயத்ரி பெர்னாண்டோ என்ற உளவியலாளர் இன்னொன்றையும் கண்டார். மேற்கத்திய வினாத்தாள் கேட்பது கெட்ட கனவு, படபடப்பு, தனக்குள் உறைந்துபோவது போன்றவற்றை. அங்குள்ள மக்களோ தங்கள் துன்பத்தைக் குடும்பத்தில் தன் இடம் போனது, ஊரில் தன் கடமை செய்ய முடியாமல் போனது என்று சொன்னார்கள். நோய் மனத்துக்குள் இல்லை, உறவுகளுக்கு நடுவில் இருந்தது. எரிக்சன் சொன்ன நூல்.

அந்தக் கிரேயான் முகாம்களுக்கு எதிர்த்திசையில் ஒரு முயற்சி மட்டக்களப்பில் முன்பே நடந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1996-இல், கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் அங்கே வந்தார்கள். ஒரு நாள் முகாமாக அல்ல, வாரம் ஒருமுறையாகப் பல மாதங்கள். களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், கூத்துப் போட்டார்கள். உனக்கு நடந்ததைச் சொல் என்று வற்புறுத்தியவர் இல்லை. பிள்ளை அரக்கனைச் செய்தால் அரக்கன். மாம்பழம் செய்தால் மாம்பழம். உண்மைக் கதை எப்போதாவது ஒரு பூனையின் கதையாக வேடம் மாறி வெளியே வரும், வராமலும் போகும். நேரடியாகச் சொல்லாமல் இருக்கும் உரிமையைக் கலை கொடுக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு அது சின்னச் சலுகை அல்ல.

பார்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இன்னும் ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். 2014-இல் ஜெர்மனியில் ஓய்வுபெற்ற 28 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி பத்து வாரம் ஓவியப் பயிற்சி எடுத்தது. மறுபாதி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து விவாதித்தது. மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, தன்னைப் பற்றிய நினைவோட்டத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் பிணைப்பு வரைந்தவர்களிடம் வலுப்பட்டிருந்தது. மனத்தின் தாங்குதிறனோடும் அது சேர்ந்து போயிற்று. பார்த்துப் பேசியவர்களிடம் அந்த மாற்றமில்லை. இதுவும் சின்ன ஆய்வு. ஆனால் டன்பாரின் முடிவும் இதுவும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

இந்தக் கண்ணோடு இன்றைய ஜார்ஜ் டவுனைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் குடியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள், சீனரும் தமிழரும் மலாய்க்காரரும், வாடகை தாங்காமல் வெளியேறினார்கள். குண்டும் இல்லை, அலையும் இல்லை. ஆனாலும் எரிக்சன் சொன்ன நூல்கள் அறுந்தன. 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபிடமாக அறிவித்தபோது கட்டடங்கள் இருந்தன, அவற்றில் வாழ்ந்தவர்களில் பலர் இல்லை. 2012-இல் லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அழகான ஓவியம், மறுப்பதற்கில்லை. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நிற்பவர்கள் எதையும் இழந்தவர்கள் அல்லர், எதையும் செய்கிறவர்களும் அல்லர்.

நாடகக் கல்வியாளர் ஜேனட் பிள்ளையின் வழிகாட்டுதலில் ஆர்ட்ஸ்-எட் என்ற பினாங்குக் கலைக்கல்வி அமைப்பு செய்ததோ வேறு. அது 1999-இல் தொடங்கியது, அதாவது வெளியேற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால். நகரின் பள்ளிப் பிள்ளைகளைத் தெருக்களுக்குள் அனுப்பினார்கள். கைத்தொழில் செய்கிறவர்களையும் மூத்தவர்களையும் பேட்டி கண்டு, கேட்டதைப் பிள்ளைகள் நாடகமாகவும் இசையாகவும் படைப்பாகவும் ஆக்கினார்கள். வெளியூர்ப் பத்திரிகைகளில் சுவரோவியத்துக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருக்காது. எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. இழப்பு முழுமையாகும் முன்பே துக்கத்தின் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

தாமதமாகத் தொடங்கிய வேலையும் உண்டு, மிகமிகத் தாமதமாக. 1942-43இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி. நேசநாட்டுப் போர்க்கைதிகளில் இறந்தவர்களுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழருக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. போனவர் செத்தாரா, வேறெங்காவது இருக்கிறாரா என்று தெரியாமல் தோட்டத்து லயங்களில் பெண்கள் காத்திருந்தார்கள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா? அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 1970-களில் இந்த நிலையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். உடல் கிடைக்காத, முடிவு தெரியாத இழப்பு எல்லாத் துக்கத்திலும் கடினமானது என்றார். மூளை தன் வரைபடத்தைத் திருத்த ஒரு சான்றும் கிடைக்காது. 1973-க்குப் பிறகு சிலியில் இராணுவம் தூக்கிப்போனவர்களின் வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து, சாக்குத்துணியில் காணாமல்போனவரின் சட்டைத் துண்டுகளையே ஒட்டுப்போட்டுப் படங்கள் தைத்தது இதே வகைத் துக்கத்தில்தான்.

நம்முடைய பெண்களிடம் இருந்தது ஒப்பாரி. ஆனால் பிணமில்லாத வீட்டில் ஒப்பாரி வைக்க முடியாதே. அதனால்தானோ என்னவோ, இந்தத் துக்கம் வடிவம் பெற ஐம்பது ஆண்டு காத்திருந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993-இல் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ அதற்குப் பின். அப்புறம் ஆவணப்படங்கள், பேட்டிகள், பேரப்பிள்ளைகள் தண்டவாளம் தேடிப்போகும் பயணங்கள்.

தாத்தாவைப் பார்த்தே இராத பேரன் அவருக்காக எப்படித் துக்கப்பட முடியும்? தமிழ்நாட்டில் ஒப்பாரியை நெடுநாள் ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005-இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விடை கிடக்கிறது. ஒப்பாரி பாடும் பெண்களிடம் அவர் கேட்டபோது, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்றார்களாம். மார்பில் அடித்துக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்ததும் அவரவர் தன் தாயை, தன் பிறந்தவீட்டை, தன் பாழாய்ப்போன வாழ்வை நினைத்துத்தான் அழுகிறார்கள். முன்னால் கிடப்பவர் ஒரு வாய்ப்பு. வடிவம் பொது, உள்ளடக்கம் அவரவருடையது. முன்னூறு பேர் ஒரே மெட்டில் அழ முடிவது அதனால்தான்.

மலேசியாவில் இன்று மரண ரயிலைப் பற்றி எழுதுகிற, படமெடுக்கிற மூன்றாம் தலைமுறையும் தாத்தாவுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டதும், செம்பனையும் வீடமைப்பும் வந்ததும், லயத்திலிருந்து பெயர்த்து நகர ஓரத்து அடுக்குமாடிக்குத் துரத்தப்பட்டதும் அவர்களுடைய சொந்தக் கதை. சயாம் காட்டில் கிடக்கும் தண்டவாளத்தை வைத்து அதையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.